நூலகத்தின் வழியே நீதிமன்றத் தீர்ப்பைத் தேடிப் படித்தல்

உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ அளித்த தீர்ப்பொன்றைப் பற்றி நாளிதழில் படித்துவிட்டு அதன் முழு உரையையும் பார்க்க விரும்புபவர், நூலகத்துக்குப் புறப்படும் முன் தம்மிடம் என்ன விவரம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வழக்கறிஞர்கள் சைட்டேஷன் என்று சொல்லும் மேற்கோள் குறிப்பு கையில் இருந்தால், தொகுதி இருக்கும் அலமாரியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. வழக்கு எண்ணும் ஆண்டும் மட்டும் தெரிந்தால் இணையம் உதவும். தரப்பினரின் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மேற்கோள் குறிப்பைப் படிக்கும் முறையைக் கேசவானந்த பாரதி வழக்கைக் கொண்டு பார்க்கலாம். 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு அளித்த அந்தத் தீர்ப்பு, ‘ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461’ என்றும் ‘(1973) 4 எஸ்.சி.சி. 225’ என்றும் குறிக்கப்படுகிறது. தீர்ப்பு ஒன்றுதான், அதை அச்சிட்ட தொகுப்புகள்தாம் வேறு. முதலாவது, ஆல் இந்தியா ரிப்போர்ட்டரின் 1973ஆம் ஆண்டுத் தொகுதிகளில், உச்ச நீதிமன்றப் பகுதியின் 1461ஆம் பக்கத்தைச் சுட்டுகிறது. இரண்டாவது, சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்னும் தொகுப்பின் அதே ஆண்டு நான்காம் தொகுதியில் 225ஆம் பக்கம். ஏ.ஐ.ஆர். தொகுதியை எடுக்கும்போது முதுகில் அச்சிட்டிருக்கும் நீதிமன்றப் பெயரைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நீதிமன்றத்துக்கும் பக்க எண் தனித்தனியாக ஓடுவதால், ஆண்டை மட்டும் பார்த்து எடுத்தால் அதே பக்க எண்ணில் தொடர்பே இல்லாத வேறொரு வழக்கு வந்து நிற்கும்.

இவை தனியார் வெளியிடுபவை. உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பு எஸ்.சி.ஆர். எனப்படும் சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ். 1950க்கு முந்தைய சென்னைத் தீர்ப்புகளைத் தேடுபவர், 1876இல் தொடங்கிய இந்தியன் லா ரிப்போர்ட்ஸின் மெட்ராஸ் வரிசையையும் 1891இல் தொடங்கிய மெட்ராஸ் லா ஜர்னலையும் கேட்க வேண்டும். சட்டக் கல்லூரி நூலகங்களிலும் சட்டத்துறை உள்ள பல்கலைக்கழக நூலகங்களிலும் இவை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெளியார் அமர்ந்து படிக்க அங்கே அனுமதிக் கடிதம் கேட்கலாம் என்பதால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். பொது நூலகம் என்றால் சென்னை கன்னிமாராவில் கேட்டுப் பார்க்கலாம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் அதுவும் ஒன்று.

பெயர் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஒவ்வொரு தொகுதியின் முன்பகுதியிலும் வழக்குப் பெயர்களின் அகரவரிசை இருக்கிறது. கேசவானந்த பாரதியின் பெயர் தீர்ப்பில் ‘ஹிஸ் ஹோலினஸ்’ என்ற அடைமொழியோடு தொடங்குவதால், ‘கே’யில் கிடைக்காவிட்டால் ‘எச்’சிலும் பார்க்க வேண்டும் என்பது போன்ற சில்லறைத் தொல்லைகள் இதில் உண்டு. அரசு ஒரு தரப்பாக இருக்கும் வழக்குகளில் ‘ஸ்டேட் ஆஃப்’, ‘யூனியன் ஆஃப் இந்தியா’ என்று தொடங்கும் பதிவுகள் பக்கம் பக்கமாக நீளுமாதலால், எதிர்த்தரப்பின் பெயரைக் கொண்டு தேடுவதே மேல். பெயரும் தெரியாமல், சட்டப் பிரிவு மட்டும் தெரிந்தால், டைஜஸ்ட் எனப்படும் பொருள்வாரித் தொகுப்புகளை நூலகரிடம் கேளுங்கள்.

இணையத்தில் 2023 ஜனவரியிலிருந்து எஸ்.சி.ஆர். தொகுப்பை இ-எஸ்.சி.ஆர். தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தேடல் தளம் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு எண்ணில் ‘எம்.டி.’ என்ற எழுத்துகள் இருந்தால் அது மதுரைக் கிளையின் வழக்கு; தேடலில் அந்தக் கிளையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தியன் கானூன் என்ற தனியார் தளத்தில் சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் விடைகள் பெருமளவு வடிகட்டப்படும். எஸ்.சி.சி. ஆன்லைன், மனுபத்ரா ஆகியவை சந்தா கட்டிப் பயன்படுத்த வேண்டியவை என்றாலும், சந்தா செலுத்தும் நூலகத்தின் கணினியில் வாசகர் பார்க்க முடியும். உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகள் பலவற்றைத் தமிழிலும் மொழிபெயர்த்து வெளியிடுகிறது. பொருளைப் புரிந்துகொள்ள அவை பெரிதும் உதவும், ஆனால் சட்டப்படி செல்லுபடியாவது ஆங்கில மூலமே.

தீர்ப்பு கிடைத்ததும் பலர் முதலில் இருக்கும் ஹெட்நோட்டைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதன்று. நீதிபதியின் பெயர் வரும் இடத்திலிருந்துதான் தீர்ப்பு தொடங்குகிறது. மேற்கோள் காட்டும்போது எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும், ஏனெனில் பழைய தீர்ப்புகளில் பத்தி எண்களைத் தொகுப்பாளர்களே இட்டதால் ஏ.ஐ.ஆரில் ஓர் எண்ணும் எஸ்.சி.சி.யில் வேறோர் எண்ணும் இருக்கக்கூடும். பழைய எஸ்.சி.ஆர். பக்கங்களின் ஓரத்தில் ‘ஏ’ முதல் ‘எச்’ வரை அச்சிட்டிருக்கும் எழுத்துகள் இடஞ்சுட்டுவதற்கே; பக்க எண்ணோடு அந்த எழுத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்டெடுத்த தீர்ப்பு இன்றும் செல்லுமா என்று பார்ப்பது. நெருக்கடி நிலைக் காலத்தில், சிறைவைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுக முடியாது என்று 1976இல் வந்த ஏ.டி.எம். ஜபல்பூர் தீர்ப்பை அலமாரியில் இருக்கும் ஏ.ஐ.ஆர். தொகுதியின் 1207ஆம் பக்கத்தில் இன்றும் படிக்கலாம். 2017இல் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாததாக்கியது என்ற தகவல் அந்தப் பக்கத்தில் எங்கும் இருக்காது, ஏனெனில் அச்சான தொகுதிக்குப் பின்னால் நடந்தது தெரியாது. ஆகவே அச்சில் எடுத்ததை இணையத்தில் சரிபார்க்க வேண்டும். இந்தியன் கானூனில் ஒரு தீர்ப்பைப் பின்னாளில் எடுத்தாண்ட தீர்ப்புகளின் பட்டியல் கிடைக்கும். அதில் அண்மைக் காலத்தவற்றையும் பெரிய அமர்வுகளுடையவற்றையும் முதலில் திறந்து பார்க்கவும். பின்பற்றப்பட்டதா, இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று வேறுபடுத்திக் காட்டப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதை அங்கேதான் அறியலாம். உயர் நீதிமன்றத் தீர்ப்பானால், அதன் மீது மேல்முறையீடு போனதா, தடையாணை ஏதும் உண்டா என்று உச்ச நீதிமன்றத் தளத்தின் வழக்கு நிலைப் பகுதியிலும் தேட வேண்டும்.

மாவட்ட நீதிமன்றங்களின் தீர்ப்புகள் இந்தத் தொகுப்புகளில் பொதுவாக வருவதில்லை. அவற்றுக்கு, ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்து 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் தளத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்; சான்றிட்ட நகல் தேவையென்றால் அந்தந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நகல் மனு போட வேண்டும்.