குதிரை ஏற்றப் பழைய பிக்கப் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

பொள்ளாச்சி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் குதிரை வளர்ப்பவர்கள் பழைய பிக்கப் தேடும்போது முதலில் கேட்பது "இழுவை எப்படி?" என்றுதான். கேள்வியே தப்பு. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி குதிரை ஏற்றிய வண்டி மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த வேகத்துக்கு ஓடுகிற நிலையில் உள்ள எந்த டீசல் பிக்கப்பும் போதும். பார்க்க வேண்டியது வண்டி நிற்குமா, சாயாமல் திரும்புமா, தளம் தாங்குமா என்பதைத்தான். தேங்காய் மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும். குதிரை அப்படி இல்லை. பிரேக் பிடித்தால் முன்னால் சரியும், வளைவில் கால் மாற்றும், பின்னால் லாரி ஹாரன் அடித்தால் மொத்த எடையையும் ஒரு பக்கம் தள்ளும்.

அடுத்த சறுக்கல் எடைக் கணக்கில். குட்டி யானை எனப்படும் டாடா ஏஸின் சுமைத்திறன் ஏறத்தாழ 750 கிலோ. வளர்ந்த மார்வாரி இனக் குதிரை 350 முதல் 450 கிலோ. "பாதிதானே, தாராளமாகத் தாங்கும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். உயரம் கூட்டிய இரும்புக் கூண்டு, ஏற்றி இறக்கும் சாய்வுப் பலகை, ரப்பர் மேட் எல்லாம் சேர்ந்தால் 200 கிலோ வரை வரும். குதிரையைப் பிடிக்கிற ஆள், தண்ணீர், தீவனம் என்று இன்னொரு 100. கூண்டின் எடையும் சுமைத்திறனில்தான் கழியும் என்பதை விற்பவர் சொல்ல மாட்டார். அதோடு, குதிரையின் உடம்பு முழுக்கத் தளத்திலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, தார்ப்பாய் கட்டிய உயரக் கூண்டோடு குறுகலான வண்டி ஆடும். ஏஸில் மட்டக்குதிரை ஏற்றலாம். பெரிய குதிரைக்கு அது வண்டி அல்ல.

பயந்துபோய் நேர் எதிர்ப்பக்கம் போவதும் உண்டு. 1.7 டன் சுமைத்திறன் உள்ள பொலிரோ பிக்கப்பில் ஒற்றைக் குதிரை என்றால் வண்டி பாதிச் சுமைகூட இல்லாமல்தான் ஓடுகிறது. அடியிலுள்ள ஸ்பிரிங் பட்டை விறைப்பாக நிற்க, ஒவ்வொரு குழியும் குதிரையின் கால் மூட்டில் இறங்கும். ஒரு குதிரைக்கு 1.3 டன் பிக்கப்போ அசோக் லேலண்ட் தோஸ்தோ போதும். இரண்டு என்றால்தான் ஒன்பது அடித் தொட்டி, அதாவது லோடு ஏற்றும் பின்பகுதி. இதற்கு டேப் எடுத்துப் போங்கள். மோட்டார் வாகன விதி 125இ குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர், அதாவது சுமார் 24 சதுர அடி இடம் கேட்கிறது. ஒன்பது அடிக்கு ஐந்தரை அடித் தொட்டியில் இரண்டு குதிரை நிற்கும். எட்டடித் தொட்டியில் ஒன்றுதான்.

வண்டி முன்பு என்ன லோடு அடித்தது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். எம்-சாண்ட், ஹாலோபிளாக் ஓட்டிய வண்டியில் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், வளைந்திருக்கும். கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த வண்டி இன்னும் மோசம். ஐஸ் தண்ணீரும் உப்பும் சொட்டிச் சொட்டி சேசிஸ் உள்பக்கமாகத் தின்னப்பட்டிருக்கும். அடியில் புதுக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். படுத்துப் பார்த்து, பின்பட்டையின் முன்கண் (முன்முனை வளையம்) சேசிஸோடு சேரும் இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்கும், துருப்பிடித்தது மந்தமாகக் கேட்கும். அங்கே வெல்டிங் தடம் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

அதே இடத்தில் பட்டைகளையும் எண்ணுங்கள். அதிக லோடுக்காகக் கூடுதல் பட்டை போட்டிருப்பது இந்தப் பக்கம் சகஜம். விறைப்பு கூடுவது ஒரு தொல்லை. பிரேக் கெடுவது பெரிய தொல்லை. பல பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி போய் பிரேக் வால்வைத் தள்ளும். பின்பக்கம் தாழ்ந்தால் லோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பின்சக்கரத்துக்கு அழுத்தம் கூட்டும். கூடுதல் பட்டையால் பின்பக்கம் தூக்கியே நின்றால், லோடு இருந்தும் பின்பிரேக் குறைவாகத்தான் பிடிக்கும். வண்டி மூக்கைக் குத்தும், குதிரை முன்கம்பியில் மோதும். சிலர் அந்தக் கம்பியைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள். அப்படியானால் மழை ரோட்டில் பின்சக்கரம் லாக் ஆகி வண்டி சறுக்கும்.

பிரேக்கை அங்கேயே சோதிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை ஐந்து முறை மிதித்து, கடைசி மிதியில் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக இறங்கினால், மிதிக்கு வலு கூட்டும் வேக்கம் பூஸ்டர் சரி. பிறகு எஞ்சின் ஓட, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல அமுங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரோ வீல் சிலிண்டரோ கசிகிறது. கிளட்ச்சுக்கு, ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாம் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் உடனே அணைய வேண்டும்; அணையாமல் உறுமினால் பிளேட் தேய்ந்துவிட்டது. விலை பேசும் முன் எட்டு சிமெண்ட் மூட்டை, அதாவது 400 கிலோ, ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டிய அவசியமில்லை.

2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) டீசலில் புகை வடிகட்டி இருந்தால், மெதுவாகச் சின்னச் சின்ன தூரம் ஓட்டுவது அதற்கு ஆகாது, அடைத்துக்கொள்ளும். குதிரைக்கு மட்டும் என்றால் 2017 முதல் 2020 வரையிலான பி.எஸ்.4 வண்டியே கைக்கு அடக்கம்.

தளம் பற்றி ஒன்று. வெறும் தகட்டில் குதிரையை நிறுத்தாதீர்கள். மூத்திரம் பட்டுத் தகடு அரிக்கும், குளம்பும் வழுக்கும். ஒன்றரை அங்குலப் பலகை போட்டு, அதன்மேல் ரப்பர் மேட் விரித்து, நீர் வடியத் துளை விடுங்கள்.

காருக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டலாமே என்பவர்களுக்கு: இரண்டு குதிரை டிரெய்லர் காலியாகவே 900 கிலோவுக்கு மேல் வரும், குதிரைகளோடு 1,700-ஐத் தொடும். பழைய ஸ்கார்பியோவின் எடையும் ஏறக்குறைய அவ்வளவுதான். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால் இறக்கத்தில் அதுதான் காரைத் தள்ளும். தனிப் பதிவும் வேண்டும். நம் ரோட்டுக்கு பிக்கப்பே மேல்.

கடைசியாகக் காகிதம். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாவிட்டால் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் வேண்டும், கேரளாவுக்குள் போக நேஷனல் பெர்மிட் எடுங்கள். கேரளப் பதிவான கே.எல். வண்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அப்படியே தமிழ்நாட்டில் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், அதற்குத் தடையில்லாச் சான்று வேண்டும், வரியும் இங்கே கட்ட வேண்டும். இந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் பல நேரம் பொள்ளாச்சிப் பதிவான டி.என். 41 வண்டியே மலிவு. பைனான்ஸ் முடிந்த வண்டியானாலும் ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் குறிப்பு) நீங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எப்.சி. (தகுதிச் சான்று) வருடாவருடம் என்பதால், அடுத்த எப்.சி. தேதியைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.