உதவுகிறவர்களைக் காப்பாற்றும் பணம்: அவசர நிதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூடான் தலைநகர் கார்ட்டூமில் 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்ற துணைப்படைக்கும் சண்டை மூண்டது. சில வாரங்களுக்குள் தூதரகங்கள் காலியாகிவிட்டன. பெரிய சர்வதேச அமைப்புகளின் வெளிநாட்டு ஊழியர்களும் கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள்தான். அப்போதைய அதிபர் ஒமர் அல் பஷீரின் ஆட்சிக்கு எதிராக 2018-19இல் திரண்ட பேட்டைக் கமிட்டிகளில் இருந்தவர்கள் பலர், ‘எமர்ஜென்சி ரெஸ்பான்ஸ் ரூம்ஸ்’ என்ற பெயரில் குழுக்களாகச் சேர்ந்தார்கள். தகாயா என்று அங்கே சொல்லும் பொதுச் சமையற்கூடங்களை நடத்தினார்கள். காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பங்களை வெளியே கூட்டிவந்தார்கள்.

2025இல் இந்தக் குழுக்களுக்கு ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, சில வாரங்களில் 1,100க்கும் மேற்பட்ட சமையற்கூடங்கள் அணைந்துபோயின. விருதும் மூடலும் ஒரே ஆண்டில்.

உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் இப்படி ஒரே அடியில் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கத்தான் அவசர நிதி என்று ஒன்று இருக்கிறது. சில அறக்கட்டளைகள் தருகின்றன, ஐ.நா.வின் நாட்டு வாரியான பொதுநிதிகள் தருகின்றன, வெளிநாட்டில் இருக்கும் சொந்த ஊர்க்காரர்கள் தருகிறார்கள். சூடானுக்கு முதலில் பணம் அனுப்பியவர்களில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகைதான். நல்ல எண்ணத்துக்கு யாரிடமும் குறைவில்லை. ஆனால் பணத்தைக் கொடுக்கும் விதத்தில் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவற்றில் சில, ஆளையே காவு வாங்கக்கூடியவை.

<b>அரிசிக்குக் கொடுப்போம், ஆளுக்குக் கொடுக்க மாட்டோம்</b>

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். நன்கொடையாளருக்குத் தட்டுகளை எண்ணுவது பிடிக்கும். இத்தனை டாலருக்கு இத்தனை சாப்பாடு என்று கணக்குச் சொன்னால் உடனே கை நீளும். அந்தச் சாப்பாட்டைச் சமைக்கிறவளின் போன் ரீசார்ஜுக்கு, பஸ் காசுக்கு, அவளுக்குக் குண்டுச்சிதறல் பட்டால் ஆகும் வைத்தியச் செலவுக்கு என்று கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் நிர்வாகச் செலவு ஆயிற்றே” என்று முகம் மாறும்.

ஐ.நா. கணக்குப்படி 2024இல் உலகம் முழுவதும் 383 நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டார்கள். சூடானில் மட்டும் சுமார் 60 பேர். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் அந்தந்த நாட்டுக்காரர்களே. 2025 ஏப்ரலில் மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில், வீடிழந்தவர்கள் தங்கியிருந்த ஜம்ஜம் முகாம் தாக்கப்பட்டபோது, ரிலீஃப் இன்டர்நேஷனல் என்ற தொண்டு அமைப்பு நடத்திய மருத்துவமனையின் ஒன்பது ஊழியர்கள் செத்துப்போனார்கள். இந்த நிலைமையில் பாதுகாப்புக்கு ஆகும் பணத்தை ‘கூடுதல்’ செலவு என்று எழுதுவது எனக்குப் புரியாத கணக்கு. சமையற்கூடத்துக்கு வாங்கும் பருப்பு எப்படியோ, அப்படித்தான் அதை நடத்துபவரை ஒரு ராத்திரிக்குள் வேறு ஊருக்குக் கொண்டுபோகும் வண்டி வாடகையும்.

அவசர நிதியில் ஒதுக்க வேண்டியவை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முழுநேரம் உழைப்பவர்களுக்கு மாதாந்தர உதவித்தொகை, சோலார் சார்ஜர், மாற்று போன், காயத்துக்கும் கைதுக்கும் ஒதுக்கிவைத்த தொகை, தொண்டர் இறந்துவிட்டால் குடும்பத்துக்குக் கொஞ்ச நாளைக்கான பணம், மிரட்டல் வந்தால் இடம் மாறும் செலவு. டப்ளினில் இருக்கும் ஃப்ரன்ட் லைன் டிஃபெண்டர்ஸ் போன்றவர்கள் மனித உரிமைப் பணியாளர்களுக்கு இப்படிப்பட்ட பாதுகாப்பு மானியத்தைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். சோறு போடுகிறவர்களுக்கு அது வேண்டாம் என்று யார் முடிவு செய்தது?

2016இல் கொடையாளி நாடுகளும் பெரிய அமைப்புகளும் ‘கிராண்ட் பார்கெய்ன்’ என்ற உடன்பாட்டில், 2020க்குள் நிவாரணப் பணத்தில் 25 சதவீதமாவது உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்த அளவு நேரடியாகப் போகும் என்று ஒப்புக்கொண்டார்கள். நேரடியாகப் போன பங்கு இன்றுவரை ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. நடுவில் இருக்கும் அமைப்பு தன் அலுவலகச் செலவுக்கென்று ஒரு சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். கீழே இருக்கும் குழுவுக்கு அதே சதவீதத்தைக் கொடுக்க மட்டும் மனசு வராது.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு தொண்டு நிறுவனம் வெளிநாட்டிலிருந்து வாங்கிய பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிக் கொடுப்பதையும் தடைசெய்தது. புயல் அடித்த மறுநாள் சென்னையிலிருக்கும் பெரிய டிரஸ்ட், கடலோரக் கிராமத்துச் சின்ன சங்கத்துக்கு அந்தப் பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியாது. வெளிநாட்டிலிருந்து அவசர உதவி அனுப்ப நினைக்கிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. பணம் அனுப்பிய பிறகு தெரிந்துகொண்டால் இரண்டு பக்கமும் சங்கடம்.

<b>போட்டோ கேட்காதீர்கள்</b>

கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். போர் நடக்கும் இடத்தில் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்று போட்டோ அனுப்பு என்று கேட்பது அயோக்கியத்தனம்.

ஆர்எஸ்எஃப் கையில் இருந்த பேட்டைகளில் சமைத்துப் போட்ட தொண்டர்கள், அந்தப் படையோடு பேசாமல் ஒரு மூட்டை மாவைக்கூட உள்ளே கொண்டுவந்திருக்க முடியாது. 2025 மார்ச்சில் ராணுவம் கார்ட்டூமைத் திரும்பப் பிடித்தபோது, அதே தொண்டர்களில் சிலர் மீது எதிரிக்கு உடந்தை என்று பழி விழுந்தது. மறுபக்கம் ஆர்எஸ்எஃப், இவர்களை ராணுவத்தின் உளவாளி என்று பிடித்துவைத்தது. வெளிநாட்டு லோகோ போட்ட சட்டையோடு நிற்கும் ஒரு படம், யார் கையில் சிக்குகிறது என்பதைப் பொறுத்து, எந்தக் குற்றச்சாட்டுக்கும் சாட்சியாகும். படத்தில் முகம் தெரியாவிட்டாலும் பின்னால் தெரியும் மசூதியின் கோபுரம் போதும், இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெயர்ப் பட்டியலும் அப்படித்தான். சாப்பிட்டவர்களின் பெயர், அடையாள அட்டை எண், கைரேகை என்று கேட்பவர்கள் அதை எங்கே வைப்பார்கள் என்றும் சொல்ல வேண்டும். சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் அளவுக்குக் கவனமான அமைப்பின் சர்வரிலேயே ஊடுருவல் நடந்து, 5,15,000க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அம்பலமானது 2022 ஜனவரியில் தெரியவந்தது. அவர்களில் பலர் போரில் குடும்பத்தைப் பிரிந்தவர்கள், காணாமல்போனவர்கள். ஒரு தொண்டரின் பழைய லேப்டாப்பில் இருக்கும் எக்செல் ஷீட்டுக்கு என்ன பாதுகாப்பு?

கேட்க வேண்டியது எவ்வளவு என்றால், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், என்ன வாங்கினோம், என்ன விலை. அவ்வளவுதான். சோதனைச் சாவடியில் போனைப் பிடுங்கினால் அதில் எதுவும் மிச்சமிருக்கக் கூடாது என்பதால், அறிக்கை போய்ச் சேர்ந்ததும் அழித்துவிடுங்கள் என்று கொடுப்பவரே சொல்ல வேண்டும். வாங்குகிறவர் தானாக அழித்தால் கணக்கை மறைக்கிறார் என்று சந்தேகம் வருமோ என்ற பயத்திலேயே வைத்திருப்பார்.

<b>பணம் போகும் பாதையைப் பார்க்காமல் அனுப்புவது</b>

சூடானில் பணம் பெரும்பாலும் பாங்கக் என்ற செயலி வழியாகப் போகிறது. பாங்க் ஆஃப் கார்ட்டூமின் செயலி அது. நம் ஜிபே மாதிரி போனில் வந்து விழுந்துவிடும். ஆனால் போனில் இருக்கும் பணத்தைக் கையில் நோட்டாக மாற்ற, வியாபாரி கமிஷன் பிடிப்பார். நோட்டுத் தட்டுப்பாடு கூடும்போது கமிஷனும் கூடும். 2024 பிப்ரவரியில் நாடு முழுவதும் தொலைத்தொடர்பு முடங்கியபோது செயலியும் முடங்கியது. சமையற்கூடங்களும் நின்றன. அப்புறம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வைத்திருந்த கடைகளில் காசு கொடுத்து இணைப்பு வாங்கித்தான் பல இடங்களில் பணம் நகர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ராணுவ அரசு புதிய நோட்டுகளை வெளியிட்டு, தன் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் மட்டும் மாற்றிக்கொடுத்தது. மறுபக்கம் இருந்தவர்களின் பழைய நோட்டு என்ன ஆவது?

இவ்வளவு ஓட்டைகள் உள்ள பாதையில் அனுப்பிவிட்டு, கமிஷனுக்கு ரசீது எங்கே என்று கேட்கக் கூடாது. அதை ஒரு செலவுத் தலைப்பாகவே முன்கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே ஆளின் கணக்கில் மொத்தப் பணத்தையும் போடுவதும் கூடாது. பல குழுக்களுக்குப் பதிவு கிடையாது என்பதால் பணம் தனிமனிதர் கணக்குக்குத்தான் போகிறது. அவர் பிடிபட்டாலோ போன் பறிபோனாலோ குழு முழுக்கப் பட்டினி. ஊருக்குள் அவர் மீது ‘டாலர்காரன்’ என்ற பேரும் வரும், அது அவருக்கு இன்னொரு ஆபத்து. மூன்று நான்கு கணக்குகளில் சின்னச் சின்னத் தொகையாகப் பிரித்து அனுப்புவது மெனக்கெட வேண்டிய வேலைதான். ஆனாலும் அதுதான் சரி.

பணம் சேர்ந்தும் பயனில்லாத நிலைமையும் வரும். டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம் 2024 மே முதல் முற்றுகையில் இருந்து, 2025 அக்டோபரில் ஆர்எஸ்எஃப் கையில் விழுந்தது. முற்றுகையின் கடைசிக் காலத்தில் போனில் பணம் இருந்தாலும் சந்தையில் மாவு இல்லை. சமையற்கூடங்கள் மாட்டுக்குப் போடும் கடலைப் புண்ணாக்கைச் சமைத்துப் போட்டன. ஒப்பந்தத்தில் ‘சோளம், பருப்பு, எண்ணெய்’ என்று எழுதியிருந்தால் புண்ணாக்கு வாங்கியதை எந்தத் தலைப்பில் காட்டுவது? எதை வாங்குவது என்ற முடிவை அங்கே இருப்பவரிடம் விட்டுவிட வேண்டும்.

<b>காகிதம்</b>

பணம் கொடுப்பவர்கள் கேட்பது: மூன்று விலைப்புள்ளி, பதிவுச் சான்றிதழ், இரண்டு ஆண்டுத் தணிக்கை அறிக்கை. வழக்கமான காலத்தில் நியாயமான கேள்விகள்தான். ஒரே ஒரு மளிகைக் கடை திறந்திருக்கும் ஊரில் மூன்று விலைப்புள்ளிக்கு எங்கே போவது? முதலில் சின்னத் தொகை, ஊரை அறிந்த இரண்டு பேரின் உத்தரவாதம், வேலை நடந்ததைப் பார்த்துவிட்டுப் பெரிய தொகை என்று போகலாம். அறிக்கையைக் குரல் பதிவாக வாங்கலாம். தொண்டு அமைப்புகளின் கூட்டமைப்பான ஸ்டார்ட் நெட்வொர்க்கின் ஸ்டார்ட் ஃபண்ட் என்ற நிதி, எச்சரிக்கை வந்த 72 மணி நேரத்துக்குள் பணம் ஒதுக்கும் முறையை வைத்திருக்கிறது. ஆக, அது முடியாத காரியம் இல்லை.

<b>வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்</b>

கொடுப்பவர்களை மட்டும் குறை சொன்னால் போதாது. உள்ளூர் அமைப்புகள் ஒரே வாசலில் நிற்கின்றன. மூடப்பட்ட சமையற்கூடங்களில் பல, ஒரே நாட்டின் பணத்தை மட்டும் நம்பியிருந்தவை. ஊருக்குள்ளிருந்து வரும் சின்னக் கை, வெளிநாட்டிலிருக்கும் ஊர்க்காரர்கள், ஒரு அறக்கட்டளை என்று இரண்டு மூன்று வழி இருந்தவை தள்ளாடியாவது நின்றன. பெரிய பணம் வந்ததும் சின்னக் கைகளை மறந்துவிடுவது சூடானுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை.

இன்னொன்று, தாங்க முடியாத பணத்தை வாங்குவது. இருநூறு பேருக்குச் சமைக்கும் குழு இரண்டாயிரம் பேருக்கான பணத்தை வாங்கிவிட்டால், கணக்கு எழுத ஆள் இருக்காது, வரிசையில் சண்டை வரும், ஆயுதம் வைத்திருப்பவன் கண்ணும் விழும். வேண்டாம் என்று சொல்லக் குழுவுக்குத் துணிச்சல் வேண்டும், அப்படிச் சொன்ன குழுவை அடுத்த முறை ஒதுக்கிவைக்காத பெருந்தன்மை கொடுப்பவருக்கு வேண்டும். எந்தக் கட்டத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவது என்பதையும் நிதானமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். ஷெல் விழும் நேரத்தில் கூட்டம் போட்டு முடிவெடுக்க முடியாது.

<b>சொல்லாமல் நிறுத்துவது</b>

2025 ஜனவரியில் அமெரிக்கப் பணம் நின்றபோது நடந்தது இதுதான். கடன் சொல்லி மளிகை வாங்கிப் போட்டிருந்த தொண்டர்கள் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றார்கள். தனிமனிதர்களும் சின்ன அமைப்புகளும் இதையே சிறிய அளவில் செய்கிறோம். செய்தியில் ஒரு போர் மறைந்ததும் மாதப் பணம் சத்தமில்லாமல் நின்றுவிடும். கொடுக்கத் தொடங்கும் நாளிலேயே எது வரைக்கும் என்ற தேதியைச் சொல்லிவிடுங்கள். நிறுத்த நேர்ந்தால் இரண்டு மாதம் முன்பே தெரிவியுங்கள். கடைசித் தவணையைக் கடையின் பாக்கியை அடைக்கவும், தொண்டர்களின் கடைசி மாத உதவித்தொகைக்கும் என்று தனியாகப் பிரித்து அனுப்புங்கள்.