நாட்டு மீனைக் காக்கப் போய் நாம் செய்யும் தவறுகள்

கந்தளாய்க் குளத்தில் வலை எடுத்துக்கொண்டு விடியப்புறம் கரைக்கு வரும் தோணிகளைப் பார்த்தால், பெட்டி நிறையத் திலாப்பியாதான் இருக்கும். கிளறினால் அடியில் ஒன்றிரண்டு விரால் கிடக்கும். அந்தக் கரையில் வைத்துத்தான் தெரிந்த தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணா, இந்தியாவில விரால் குஞ்சு விக்கிறாங்களாம். கொண்டுவந்து குளத்தில விட்டா நம்ம நாட்டு மீன் திரும்பக் கூடும்தானே?"

நல்ல மனதோடு கேட்ட கேள்வி. ஆனால் இதே நல்ல மனதோடுதான் பல நாடுகளில் நாட்டு மீன்களைத் தொலைத்திருக்கிறார்கள். இதில் அதிகம் அடிபட்டதும், அதிகம் ஆராயப்பட்டதும் ட்ரவுட் மீன்தான். இலங்கையில் நாட்டு ட்ரவுட் கிடையாது. நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் இருப்பது வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டது. ஆனால் அமெரிக்காவின் மலை ஓடைகளில் ட்ரவுட்தான் நாட்டு மீன். அங்கே நடந்தவற்றில் நம் குளங்களுக்கு நிறைய இருக்கிறது.

முதல் தவறு, கண்ணால் பார்த்து இனத்தை முடிவு செய்வது. அமெரிக்காவில் கட்த்ரோட் என்றொரு ட்ரவுட் உண்டு. தாடைக்கு அடியில் கத்தியால் கீறியதுபோல் ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பெயரும் அதனால் வந்ததுதான். அதில் கிரீன்பேக் என்ற கிளை கொலராடோ மாநிலத்துக்கு உரியது. 1937இல் அது அழிந்துவிட்டதாக எழுதினார்கள். பிறகு சில மலை ஓடைகளில் அதுபோன்ற மீன்கள் அகப்பட்டன. பெரும் மகிழ்ச்சியோடு அவற்றைப் பெருக்கி, ஓடை ஓடையாக விட்டார்கள். 2007இல் மரபணுவைப் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தவை மலைக்கு அந்தப் பக்கத்துக் கொலராடோ ஆற்றுக்குரிய வேறொரு கிளை என்று தெரிந்தது.

அத்துடன் நிற்கவில்லை. நூற்றாண்டுக்கு முன் பிடித்து அருங்காட்சியகங்களில் போத்தலில் வைத்திருந்த மீன்களின் மரபணுவையும் எடுத்து ஒப்பிட்டு, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். உண்மையான கிரீன்பேக் ஒரே ஒரு இடத்தில்தான் மிஞ்சியிருந்தது: பெயார் க்ரீக் (Bear Creek) என்ற ஓடையில், சுமார் 4 மைல் நீளத்துக்குள், சில நூறு மீன்கள். அதுவும் அந்த மீனின் சொந்த ஆற்றுப்படுகை இல்லை, 1880களை ஒட்டிய காலத்தில் யாரோ கொண்டுபோய் விட்ட இடம். பல ஆண்டு உழைப்பு வேறு மீனுக்குப் போய்விட்டது. அந்த ஆட்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த கருவி கண் மட்டும்தான். இன்று அப்படியில்லை. மரபணுச் சோதனைக்குச் செட்டையின் ஓரத்தில் ஒரு நெல்மணி அளவு துண்டை வெட்டி எதனோலில் போட்டால் போதும், மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடலாம்.

அடுத்த தவறு, வந்த மீன் நம் மீனைத் தின்றால்தான் ஆபத்து என்று நினைப்பது. தின்பது உண்மைதான். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரிக்கு வெளியிலிருந்து வந்து, 1994இல் அங்கே இருப்பது தெரியவந்த லேக் ட்ரவுட், அங்கிருந்த கட்த்ரோட் மீன்களைத் தின்று பெரும் அழிவைச் செய்தது. ஆனால் அதைவிட அமைதியாக நடக்கும் இன்னொன்று இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட ரெயின்போ என்ற ட்ரவுட்டும் கட்த்ரோட்டும் ஒரே ஓடையில் இருந்தால் இணைந்துவிடும். பிறக்கும் குஞ்சுகள் மலடும் இல்லை, அவையும் முட்டையிடும். சில தலைமுறையில் ஓடையில் மீன் நிறைய இருக்கும், நாட்டு மீன் மட்டும் இருக்காது. பச்சைப்பெருமாள் வயலில் வேற்று நெல் நின்றால் கதிர் தள்ளும்போதாவது தெரியும், அரிந்து எறியலாம். இங்கே பாதி கலந்த மீனையே கண்ணால் பிடிப்பது கடினம், பத்தில் ஒரு பங்கு கலந்ததை எப்படிப் பிடிப்பது?

"கொஞ்சம் கலந்தால் என்ன, மீன் பலமாகுமே" என்று சிலர் சொல்வார்கள். மொன்டானா மாநிலத்து ஓடை ஒன்றில் தாய் தகப்பன் மீன்களையும் குஞ்சுகளையும் மரபணுவால் பொருத்திப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. ரெயின்போவின் பங்கு 20 சதவீதம் சேர்ந்தபோதே, குஞ்சு தரும் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. அந்தக் குளிரோடும் அந்த வெள்ளத்தோடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழகிய உடம்பு அது. கலப்பு அந்தப் பழக்கத்தைக் குலைத்துவிடுகிறது.

சரி, நம் பக்கம் வருவோம். மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு 1952இல் வந்தது. பின்னால் நைல் திலாப்பியாவும் வந்தது. நம் குளங்களில் இரண்டும் கலந்துகிடக்கின்றன. இதில் என் மனதைத் தொட்ட விஷயம் ஒன்று உண்டு: மொசாம்பிக் திலாப்பியாவின் சொந்த வீடான தென்னாபிரிக்காவின் லிம்போபோ ஆற்றில், வெளியிலிருந்து வந்த நைல் திலாப்பியாவோடு கலந்து அதுவே அழிந்துகொண்டிருக்கிறது. இங்கே வந்தேறி, அங்கே பாதுகாக்க வேண்டிய நாட்டு மீன். அதனால் திலாப்பியாவைத் திட்ட எனக்கு விருப்பமில்லை. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறும் கறியும்.

தம்பியின் கேள்விக்குள் இருந்தது மூன்றாவது தவறு: பெயர் ஒன்றென்றால் மீனும் ஒன்று என்று எண்ணுவது. விரால் குடும்பத்தில் பெரிதாக வளரும் மீன் ஒன்று மகாவலியில் இருக்கிறது, சிங்களத்தில் கங் ஆரா என்பார்கள். தெரணியகல என்ற இலங்கை ஆய்வாளர் 1945இல் அதைச் சன்னா ஆரா என்ற அறிவியல் பெயரில் விவரித்தார். ஆனாலும் இந்தியாவில் உள்ள மாருலியஸ் என்ற இனந்தான் அது என்றே நெடுங்காலம் எண்ணினார்கள். 2020இல்தான் சன்னா ஆரா இலங்கைக்கு மட்டுமே உரிய தனி இனம் என்று மரபணுவோடு உறுதி செய்தார்கள். அதற்கு முன் யாராவது "ரெண்டும் ஒன்றுதானே" என்று இந்தியக் குஞ்சுகளை மகாவலியில் விட்டிருந்தால்? தம்பி கேட்டது சாதாரண விராலை. இரண்டு நாட்டிலும் அதற்கு ஒரே பெயர்தான். ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கத்து விராலும் நம் குளத்து விராலும் ஒரே வரலாறு உள்ளவை என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நோயும் கூடவே வரலாம்.

வீட்டுத் தொட்டியில் வளர்ந்து பெருத்துப்போன டேங்க் கிளீனர் மீனைப் பாவம் பார்த்து வாய்க்காலில் விடுவதும் இதே வகைதான். வேண்டாமென்றால் வாங்கின கடையிலேயே கேட்டுப் பாருங்கள், அல்லது வளர்க்கிற யாரிடமாவது கொடுங்கள்.

கடைசியாக, பிழையாகிப்போனால் விட்ட மீனைப் பிறகு எடுத்துவிடலாம் என்ற எண்ணம். அமெரிக்காவில் வந்தேறி மீனை அகற்ற ரோட்டெனோன் என்ற நஞ்சைக் கலக்கிறார்கள். அது செவுள் உள்ள எதையும் விட்டுவைக்காது. அருவியோ தடுப்போ உள்ள சின்ன ஓடையில் அதைச் செய்யலாம். கந்தளாய்க் குளத்தில் முடியுமா? அம்பன் கங்கைத் தண்ணீர் மின்னேரியா, கவுடுல்ல வழியாக இங்கே வருகிறது; இங்கிருந்து தம்பலகாமத்து வயல் வாய்க்கால்களுக்குப் போகிறது. ஒரு வாளி மீன் போகாத இடம் இல்லை.

இதையெல்லாம் தம்பிக்குச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்ப குஞ்சு விராலையாவது பிடிக்காம விடுவம்" என்றார். விரால் தன் குஞ்சுகளைக் கூட்டமாக மேய்த்துக் காக்கும் மீன். கரையோரப் புல்லுக்குள் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் மிதந்தால், அடியில் தாய் தகப்பன் நிற்கும். அந்த இடத்தில் தூண்டில் போடாமல் இருக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த வாரமே அப்படியொரு கூட்டத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்பியிருந்தார்.