ரெப்ளிகாவா, கம்பெனி வீலா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏற்காடு சாலையில் பட்டறை வைத்திருப்பதால் புது அலாய் வீல் மாட்டிய கார்கள் நிறைய என் கண்ணில் படுகின்றன. ஆள்தான் மாறுகிறார், தவறு மாறுவதில்லை. போல்ட் துளைகளின் எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்க்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

பழைய நட்டையே போட்டு முடுக்குவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான். ஹோண்டாவின் கம்பெனி நட்டுக்கு அடிப்பக்கம் உருண்டையாக இருக்கும். டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு வருகிறது. கம்பெனி வீலைப் பார்த்து வேறு நிறுவனங்கள் செய்யும் ரெப்ளிகா வீல்களில் பெரும்பாலானவை 60 டிகிரி கூம்பு நட்டுக்காகக் குடையப்பட்டவை. மரை ஒன்றாக இருந்துவிட்டால் எந்த நட்டும் ஏறிவிடும். இறுக்கினால் கெட்டியாகவே தெரியும். ஆனால் உருண்டை நட்டு கூம்புக் குழியில் மெல்லிய கோடாகத்தான் தொடுகிறது. அந்த இடத்தில் அலுமினியம் நசுங்க நசுங்க நட்டு தளர்ந்துவிடும்.

ஹோண்டா சிட்டியில் ரெப்ளிகா மாட்டிய ஒரு தம்பி, குடும்பத்தோடு ஏற்காடு போய்த் திரும்பினார். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் வண்டியின் பாரம் ஒரு பக்கச் சக்கரத்தின் மேல் சாயும். இறங்கும்போது முன் சக்கரத்தில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்திருக்கும் என்று எண்ணி அடிவாரம் வரை ஓட்டி வந்துவிட்டார். நான் பார்த்தபோது நான்கு நட்டுகளில் மூன்று விரலாலேயே சுழன்றன. வீலின் துளைகள் முட்டை வடிவமாகிவிட்டன, நட்டு ஏறும் ஸ்டட்டுகளின் மரையும் மழுங்கிவிட்டது. பின்சீட்டில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். வீலை விற்றவர் கூம்பு நட்டு செட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?

சோதிப்பது எளிது. நட்டின் அடியில் மார்க்கர் பேனாவால் பூசி, வீலில் வைத்து இறுக்கிக் கழற்றுங்கள். மை அகலமான பட்டையாக அழிந்திருந்தால் பொருத்தம் சரி. நூல் போன்ற கோடாக அழிந்திருந்தால் அந்த நட்டு வேண்டாம். கார் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் பாருங்கள். பழைய நட்டுகளைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள். ஸ்டெப்னி கம்பெனி வீலாக இருந்தால் அதற்கு அவைதான் வேண்டும்.

நடுத்துளையை அளக்காமல் விடுவது

பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று ரெப்ளிகாவின் நடுத்துளையைப் பெரிதாக விடுவார்கள், 73.1 மி.மீ. சாதாரணம். சிட்டியின் ஹப்போ (அந்தத் துளை உட்காரும் நடுக் குமிழ்) 56.1 மி.மீ.தான். இடைவெளிக்கு ஹப் வளையம் போடாவிட்டால் பெங்களூரு நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் அது தீராது.

மூடியிலுள்ள சின்னத்தை நம்புவது

வீலின் நடு மூடியில் இருக்கும் கம்பெனிச் சின்னம் தனியாகவே கடையில் கிடைக்கிறது.

எடை எண்ணைப் பார்க்காதது

வீலின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற ஜப்பானியத் தர முத்திரைகளும் தாங்கும் எடையும் இருக்க வேண்டும். ஓர் அச்சுக்கு அனுமதித்த எடையில் பாதியைவிட அந்த எண் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். எண்ணே இல்லை என்றால் விலையே கேட்காதீர்கள்.

பழைய ஒரிஜினல் என்றதும் மயங்குவது

வெல்டிங் வைத்த ஒரிஜினலைவிட முத்திரையுள்ள புது ரெப்ளிகாவே மேல். பெயின்ட் பளபளப்பாக இருந்தால் டயரைக் கழற்றச் சொல்லி, உள்விளிம்பில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.