மலங்காட்டுல கழுகு பாக்கப் பழகலாமுங்க

எங்க பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேகம். கலசத்துல தண்ணி ஊத்துற நேரம் பாத்து வானத்துல ஒன்னு வட்டமடிக்குது. "கருடன் வந்துருச்சு"ன்னு மொத்தக் கூட்டமும் கன்னத்துல போட்டுக்குச்சு. நான் அண்ணாந்து பாத்தா வாலு நடுவுல பொளந்து மீன்வாலாட்ட இருக்குது. கருடன்னு நாம கும்புடற செம்பருந்துக்கு வாலு நுனி உருண்டையா இருக்குமுங்க, பொளந்திருக்காது, ஒடம்பு செங்கல் நெறம், தலையும் நெஞ்சும் வெள்ளை. வந்தது சாதா கரும்பருந்து, கறிக்கடை மேல சுத்துமே அதுதான். நான் வாயத் தொறக்கல, அம்முச்சி பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க.

சும்மா கதை இல்லீங்க, மொதப் பாடமே அதுதான், வாலைப் பாருங்க. இனி மலைக்குப் போலாம்.

நம்ம கொங்கு நாட்டுல மலைன்னா எல்லாம் தானா மொளச்ச காடுன்னு நெனச்சுக்கறோம். அப்படி இல்ல. டாப்சிலிப்புல நீங்க பாக்குற தேக்குல பெரும்பங்கு மனுசன் வெச்சது, ஹ்யூகோ வுட்டுங்கற வெள்ளக்கார ஆபீசர் சட்டைப் பையில தேக்கு விதைய வெச்சுக்கிட்டு கைத்தடியில குத்திக் குத்திப் போட்டுட்டே நடப்பாருன்னு கதை சொல்லுவாங்க, அவரு சமாதியும் அங்கயேதான் இருக்குது. வால்பாறையில தேயிலையும் அதுக்கு நெழலுக்கு வெச்ச சில்வர் ஓக்கும், ஏற்காட்டுல காப்பித் தோட்டம். நடுநடுவுல துண்டு துண்டா சோலை. இந்தக் கலப்புக் காட்டுலயும் கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் குடும்பம் நடத்துது. என்ன வித்தியாசம்னா, இங்க எந்த மரம் நிக்கணும் எது விழணும்னு முடிவு பண்றது ஒரு மனுசன். அவருகிட்ட காட்டறதுக்கு உங்க கையில தேதி போட்ட ஒரு நோட்டு இருக்கணும், நான் சொல்லித்தரப் போறது அந்த நோட்டை எப்படி நெப்பறதுன்னுதான்.

படி 1: சாமான்

8-க்கு 42 பைனாகுலர் (8 மடங்கு பெருசாக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம்) ஒன்னு, கோடு போட்ட நோட்டு, பென்சில் (பேனா மழையில கரைஞ்சிரும்), தொப்பி, தண்ணி. 10-க்கு 50 வாங்காதீங்க, மூனு மணி நேரம் புடிச்சா கை நடுங்கும். போன்ல இபேர்டு (பாத்த பறவையப் பதியற ஆப்), மெர்லின் (குரலையும் படத்தையும் வெச்சுப் பேரு சொல்ற ஆப்) ரெண்டையும் ஏத்திக்கங்க, வால்பாறையில பாதி எடத்துல டவர் கெடைக்காது, அதனால மெர்லின்ல நம்மூர்ப் பறவைத் தொகுப்பை வீட்லயே டவுன்லோடு பண்ணிருங்க. பெரிய லென்ஸ் கேமரா இப்போதைக்கு வேண்டாம், கேமரா வந்துட்டா கண்ணு நோட்டுக்குப் போகாது, நானே பட்டிருக்கேன்.

படி 2: எங்க நிக்கறது

புதுசா வர்றவங்க எல்லாரும் காட்டுக்குள்ள பூந்து நடக்கறாங்க. உள்ள போனா எலை தவிர ஒன்னுந் தெரியாதுங்க. காட்டுக்கு வெளிய, எதுத்த சரிவுல, கண்ணுக்கு முன்னால பள்ளத்தாக்கு விரிஞ்சு கெடக்குற மாதிரி ஒரு மேடு புடிங்க, அதுதான் உங்க எடம். ஆழியாறுல இருந்து வால்பாறை ஏறுற ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவு இருக்குதுல்ல, அதுல 9ஆவது வளைவுல இருக்கற லோம்ஸ் வியூ பழகறதுக்கு அருமையான எடம். கீழ அணை, அதுக்கு அங்கட்டு பொள்ளாச்சி சமவெளி. அங்க நின்னா பறவை நம்ம கண்ணு மட்டத்துலயோ காலுக்குக் கீழயோ போகும், முதுகு தெரியும், அது கீழ நின்னு பாக்குறவனுக்குக் கெடைக்காது. மத்த வளைவுல வண்டிய நிறுத்தாதீங்க. ரிசர்வு காட்டுக்குள்ள காலு வெக்கணும்னா வனத்துறை அனுமதி, எஸ்டேட்டுக்குள்ளன்னா மேனேஜர் அனுமதி. தனியா போகாதீங்க, தேயிலைக்குள்ள காட்டெருமை படுத்திருந்தா பத்தடி வரைக்கும் தெரியாது. பொழுதோட நாலு மணிக்கெல்லாம் எறங்கிருங்க.

படி 3: எந்நேரம்

பறவை பாக்கறதுன்னா கோழி கூப்புடறதுக்கு முன்னாடி எந்திரிக்கணும்னு ஒரு நெனப்பு. கழுகுக்கு அது வேண்டாமுங்க, நல்லா இட்லி சாப்புட்டுட்டு வாங்க. வெய்யில் பட்டு சரிவு சூடாகி, சூடான காத்து மேல எழும்புனாத்தான் பெரிய றெக்கைக்காரனுக எல்லாம் வட்டமடிச்சு ஏறுவாங்க, சும்மா றெக்கைய அடிச்சு ஏறுறதுக்கு அவங்க ஒடம்பு கனம். 9 மணியில இருந்து 12 வரைக்கும் உக்காந்தா போதும். மாசம்னா மார்கழியில இருந்து சித்திரை வரைக்கும், சோடி சேர்றது, கூடு கட்டுறது எல்லாம் அப்பத்தான் கண்ணுல படும். ஆனி ஆடியில மலைமேல மழை கொட்டும், கீழ பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆளையே தள்ளும், ஒன்னும் பாக்க முடியாது. பனிக்காலத்துல வடக்க இருந்து வர்ற பூனைப்பருந்தும் சேந்துக்கும், அதுக மலையை விட கீழ தரிசுக் காட்டு மேலதான் தாழப் பறக்கும்.

படி 4: அஞ்சு பேரை மட்டும் படிங்க

புத்தகத்தைத் தொறந்தா அம்பது படம் இருக்கும், மண்டை காஞ்சிரும். அஞ்சு போதும்.

பாம்புக்கழுகு. மொதல்ல காதுலதான் விழும், ரெண்டு மூனு குட்டை விசிலு, அப்புறம் ஒரு நீட்டு விசிலு. மேல சுத்தறப்ப கீழ இருந்து பாத்தா றெக்கையோட பின் ஓரத்துல அகலமா ஒரு வெள்ளைப் பட்டை ஓடும், வாலுலயும் ஒன்னு. இதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டாலே மலையில பாதி வேலை முடிஞ்சுது.

கருங்கழுகு. இதுதான் என்னோட ஆளு. ஒடம்பெல்லாம் கரி, காலும் மூக்கு மேலயும் மட்டும் மஞ்சள். மரத்து உச்சியத் தொடற மாதிரி தாழ, அவ்வளவு மெதுவா, றெக்கைய அசைக்காம மெதந்து வரும், விழுந்திருமோன்னு நமக்குத்தான் பயமா இருக்கும். றெக்கை ஒடம்போட சேர்ற எடத்துல ஒடுங்கி, நுனிப்பக்கம் அகலமாகி, வெரலு வெரலா மேல வளைஞ்சு நிக்கும். ஏன் அப்படி மெதுவாங்கறீங்க? கெளைக்குள்ள குருவிக்கூட்டைத் தேடிட்டு வருது. நகம் நீட்டு, வளைவு கம்மி, முட்டையும் குஞ்சுமா கூட்டையே பேத்துத் தூக்கிட்டுப் போயிரும். பாவமாத்தான் இருக்குது, அது பொழப்பு அது.

வல்லூறு. வைரின்னும் சொல்லுவாங்க, ஊருக்கு ஊரு பேரு மாறும். சின்னது, நாலு அடி அடிக்கும், ஒரு சறுக்கு, மறுபடி நாலு அடி. தென்னந்தோப்புலயே பாக்கலாம்.

தேன்பருந்து. ஒடம்புக்குப் பொருந்தாத சின்னத் தலை, புறாத் தலையாட்ட. கொளவிக்கூடு, தேன்கூடு இருக்கற பக்கம் சுத்தும்.

அஞ்சாவது கரும்பருந்து, வாலைத்தான் மேலயே சொல்லிட்டேன்.

ஒரு எச்சரிக்கை. துடுப்புவால் கரிச்சான்னு ஒரு போக்கிரி இருக்கறான், வல்லூறு, பாம்புக்கழுகு குரலை எல்லாம் அப்படியே எடுத்து உடுவான். மெர்லினும் சில நேரம் ஏமாந்துக்கும். கண்ணால பாக்காம நோட்டுல ஏத்தாதீங்க, குரல் மட்டும்னா "குரல்"னு எழுதுங்க.

படி 5: நோட்டு

ஒரே மேடு, மாசம் ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் மூனு மணி நேரம், இதை மாத்தாதீங்க. இன்னைக்கு இங்க நாளைக்கு அங்கன்னு சுத்துனா ஃபோட்டோ நெறைய சேரும், ஆனா போன வருசத்துக்கு இந்த வருசம் எச்சா கம்மியான்னு கேட்டா பதில் இருக்காது. என் நோட்டுல ஒரு வரி இப்படி இருக்கும்:

"10.42. கருங்கழுகு 1. மேக்கால சோலை உச்சி, வானக்கோட்டுக்கு ஒரு கை முட்டி மேல. வாயில குச்சி. தேக்குப் பக்கம் எறங்குச்சு. 10.51 மறைவு."

அந்த "கை முட்டி" என்னன்னா, கைய நேரா நீட்டி முட்டி புடிச்சா அது வானத்துல சுமாரா 10 டிகிரி. தெசைக்கு போன் காம்பஸ் போதும். "வாயில குச்சி"ங்கற ரெண்டு வார்த்தைதான் இந்த வரியில தங்கம், பக்கத்துல கூடு கட்டுதுன்னு அர்த்தம். அதே மாதிரி ரெண்டு சேந்து சுத்துறது, ஒன்னு மேல இருந்து குத்துற மாதிரி எறங்கி மறுபடி ஊஞ்சலாட்ட மேல ஏர்றது, கால்ல எரையோட போறது, இதை எல்லாம் உடாம எழுதுங்க. சோடியில பெருசா தெரியறது பொண்ணு, இந்த சாதியில அப்படித்தான்.

ஒரே பறவை நாலு தடவை வந்தா நாலு கழுகுன்னு எழுதிராதீங்க. ஒரே நேரத்துல கண்ணுல பட்டது எத்தனையோ அதுதான் கணக்கு. கூட்டாளி ஒருத்தரு எதுத்த மேட்டுல இன்னொரு நோட்டோட உக்காந்தா, சாயங்காலம் டீக்கடையில ரெண்டையும் நேரம் பாத்து ஒத்துப் பாத்தா போதும், சண்டையும் நடக்கும், கணக்கும் சரியாகும். மூனு மணி நேரம் உக்காந்து ஒன்னுமே வரலியா? "0"ன்னு எழுதி தேதி போடுங்க. இதைத்தான் எல்லாரும் உட்டுடறாங்க, சைபர் இல்லாத நோட்டு கழுகு கம்மியாகறதைக் காட்டவே காட்டாது.

படி 6: கூடு தெரிஞ்சா

இங்கதான் நான் தப்புப் பண்ணுனேன். ஒரு எஸ்டேட்டுல, தேயிலைக்கு நடுவுல பழைய காட்டுல இருந்து வெட்டாம உட்ட ஒரு பெரிய மரம், அதுல பாம்புக்கழுகு கூடு. சந்தோசம் தாங்கல, வாராவாரம் போயி அடியிலயே நின்னேன், ரெண்டு சிநேகிதங்களையும் கூட்டிட்டுப் போனேன். காக்கா மனுசன் எங்க பாக்கறான்னு பாத்துட்டே இருக்கும்ங்கறது அப்பத் தெரியாது. நாலாவது வாரம் கூட்டுல காக்காதான் இருந்துச்சு. கழுகு அந்த வருசம் திரும்பி வரல. அது போடறதே ஒரே ஒரு முட்டைங்க, ஏறக்கொறைய 40 நாளு அடைகாத்து, அப்புறம் குஞ்சு பறக்கவே ரெண்டு மாசம் ஆகும். அந்த ஒரு வருசம் என்னால போச்சு.

அதனால கூடு கட்டுறப்பவும் அடைகாக்குறப்பவும் கிட்டயே போகாதீங்க, எதுத்த சரிவுல இருந்து பைனாகுலர்ல பாருங்க, பொட்டாட்ட பத்து நிமிசம் பாத்துட்டு நகந்துருங்க. பறவை எந்திரிச்சு நின்னு கத்துனா நீங்க ரொம்பக் கிட்ட இருக்கறீங்கன்னு அர்த்தம். கூட்டுல பச்சை எலை புதுசா செருகி இருந்தா குடியிருக்குது, காஞ்சு கெடந்தா பழைய கூடு, இதை தூரத்துல இருந்தே பாக்கலாம். கூட்டுப் படத்தையும் எடத்தையும் இன்ஸ்டாவுல போடவே கூடாது, வாட்சப் குரூப்லயும் வேண்டாம்.

தேக்குக் காட்டுல ஒரு வசதி, பனி முடியறப்ப எலை எல்லாம் கொட்டிரும், உள்ள தெளிவாத் தெரியும். நான் பாத்த வரைக்கும் ஒரே வயசுத் தேக்குல பெரிய கூடு இல்ல, கவை பத்தறதில்ல. பள்ளத்தோரமா உட்டு வெச்ச பழைய மரத்துலதான் கூடு, வேட்டைக்குத்தான் தேக்குக்கு வருது. கூப்பு ரோட்டுல (வெட்டுன மரத்தை லாரியில எறக்கற காட்டு ரோடு) போறப்ப அந்த மாதிரிப் பழைய மரத்தை எல்லாம் எண்ணி வெச்சுக்கங்க.

மரத்தடியில சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா எச்சம் கெடந்தா, பக்கத்துல வெரல் அளவுக்கு சாம்பல் உருண்டை கெடக்கான்னு பாருங்க. செரிக்காத மயிரு, எலும்பு, செதிலை எல்லாம் உருட்டி வாய் வழியா கக்கிப் போட்டது அது. குச்சியால பிரிங்க, கையில தொடாதீங்க. ஒருக்கா பிரிச்சப்ப எலித்தாடை ஒன்னு, ஆரஞ்சு நெறப் பல்லோட பளிச்சுன்னு வந்துச்சு. ஒரு ரூவாக் காசு பக்கத்துல வெச்சு போட்டோ எடுத்துட்டு அங்கயே உட்டுருங்க. எறகு கெடந்தாலும் எடுத்துட்டு வராதீங்க, 1972 காட்டுயிர்ச் சட்டப்படி வெச்சிருக்கறதே குத்தம்.

படி 7: நோட்டை எடுத்துட்டு ஆபீசுக்குப் போங்க

எஸ்டேட்டுல மழைக்கு முன்னாடி நெழல் மரத்துக் கெளை கழிப்பாங்க, கூட்டுல குஞ்சு இருக்கற நேரமும் கிட்டத்தட்ட அதேதான். "கழுகு பாவம்"னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க. "இந்தத் தேதியில குச்சி எடுத்துட்டு வந்துச்சு, இந்தத் தேதியில இருந்து படுத்திருக்குது, வைகாசி வரைக்கும் இந்த ஒரு மரத்தையும் சுத்தி நிக்கற நாலஞ்சு மரத்தையும் மட்டும் உட்டுக் குடுங்க"ன்னு பக்கத்தைத் தொறந்து வெச்சா பேச்சே வேற. நான் ரெண்டு எடத்துல கேட்டேன், ஒரு எடத்துல உட்டாங்க, இன்னொரு எடத்துல தலையாட்டிட்டு அடுத்த வாரமே அறுத்துட்டாங்க. மேனேஜரை விட கெளை கழிக்கற ஆளுககிட்ட நேராப் போயி மரத்தைக் காட்டிப் பேசறது மேலுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது, மரத்துல ஏறப்போறது அவங்கதானுங்களே. பட்டுப்போன மரத்தையும் ஒன்னு ரெண்டு நிக்க உடச் சொல்லுங்க, கழுகு உக்காந்து பாக்கறதுக்கு அதை விட நல்ல எடம் கெடையாது.

எலி மருந்து வெக்கற கொடோன்காரங்ககிட்டயும் சொல்லுங்க, மருந்து தின்னுட்டுத் தள்ளாடுற எலியத்தான் வல்லூறும் ஆந்தையும் சுளுவாப் புடிக்கும்.

மாடு வெச்சிருக்கறவங்களுக்கு இது தனியா. சத்தியமங்கலம், தாளவாடி, பர்கூர்ப் பக்கம் பட்டி மாடு காட்டுல செத்தா அதைத் தின்ன வர்றது பாறு, பிணந்தின்னிக் கழுகுன்னு சொல்றமே அது. மாயாறு ஓரமா நீர்மருது மரத்துல கூடு கட்டுது, அதுக்கும் வருசத்துக்கு ஒரே முட்டை. மாட்டுக்கு வலிக்குப் போடற டைக்ளோஃபினாக் ஊசி செத்த மாட்டு ஒடம்புல தங்கி, தின்ன பாறுக்குக் கிட்னி போயிரும், அப்படித்தான் 1990கள்ல ஆரம்பிச்சு நாடு முழுக்க வெண்முதுகுப் பாறு நூத்துல 99 பங்குக்கு மேல அழிஞ்சுது. 2006-ல அந்த மருந்தை மாட்டுக்குப் போடக்கூடாதுன்னு தடை வந்துச்சு, 2023-ல கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் தடை ஆச்சு. டாக்டரு ஊசி எடுக்கறப்ப "மெலாக்சிகம் போடுங்க"ன்னு கேளுங்க, பாறுக்குக் கெடுதல் இல்லாதது அது. கோயமுத்தூர் அருளகம் அமைப்பு இந்த வேலைய ரொம்ப நாளாப் பண்ணிட்டு இருக்குது, ஆனைகட்டியில சலீம் அலி மையம் இருக்குது, படிக்கற பசங்க அங்க போயிக் கேக்கலாம். செத்த மாட்டு மேல வெஷம் தெளிச்சிருக்கறது தெரிஞ்சாலோ, குஞ்சு கீழ விழுந்து கெடந்தாலோ கையில எடுக்காம வனத்துறைக்குச் சொல்லுங்க.

அடுத்த ஞாயித்துக்கெழமை 9 மணிக்கு நான் லோம்ஸ் வியூவுல இருப்பேன், நீல தொப்பி. நோட்டு கொண்டு வாங்க, பென்சில் எங்கிட்ட இருக்குது.