பழைய ஸ்லைடர் போன் வாங்கும் முன்

எல்ஜி சாக்லேட் மாதிரி, மேல் பாதியைத் தள்ளித் திறக்கும் பழைய ஸ்லைடர் போன் வாங்குகிறீர்களா? காசு கொடுக்கும் முன் ஒரு பாட்டை ஓடவிட்டு, மூடியை மெதுவாகப் பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். பாதி வழியில் ஒரு நொடி நிறுத்தியும் பாருங்கள். திரை மினுக்கினாலோ, பாட்டு விட்டுவிட்டுக் கேட்டாலோ வாங்க வேண்டாம்.

மேல் பாதியையும் கீழ் பாதியையும் இணைப்பது காகிதம் போல மெல்லிய ஒரு ஸ்ட்ரிப்தான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது மடங்கி விரிகிறது. முதலில் போவதும் அதுவே. கால் பேசிக்கொண்டே சோதிக்காதீர்கள், பல ஸ்லைடர்களில் மூடினாலே கால் கட் ஆகிவிடும்.

சாக்லேட்டின் முகப்பில் சிவப்பாக ஒளிரும் டச் பட்டன்களை விரலை நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வியர்த்த விரலுக்கு நல்ல பட்டனே தடுமாறும். நகத்தால் தட்டினால் வேலை செய்யாது, அது பழுதல்ல.

பக்கவாட்டில் கீபோர்டு வரும் ஆண்ட்ராய்டு ஸ்லைடருக்கும் இதே சோதனை பொருந்தும். மடக்கு போனுக்கு மட்டும் ஏற்றி இறக்க எதுவும் இல்லை, கீல் பக்கம் பாருங்கள். அப்புறம், 2006ல் வந்த சாக்லேட் 2ஜி போன். ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அதனால் அந்த சிம் இதில் எடுக்காது.