நண்டு நெபுலாவின் காமாக் கதிரை எண்ணுவது எப்படி

தை பிறந்ததும், இரவு பத்து மணிபோல இரணைமடுக் குளக்கட்டில் ஏறி அண்ணாந்து பாருங்கள். ரோகிணியைப் பிடித்துக்கொண்டால் இடபத்தின் கொம்புகள் இரண்டும் தெரியும். தெற்குக் கொம்பின் நுனி நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், வெறுங்கண்ணுக்கு அகப்படாமல், நண்டு நெபுலா இருக்கிறது. 1054இல் சீன வானியலாளர் கண்டு எழுதிவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம் அது. உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் என் பிள்ளைகளை முதலில் இங்கேதான் கூட்டிவருவேன். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் கணினியில் கைவைக்கக்கூடாது.

அங்கிருந்து வரும் காமாக் கதிர் நிலத்தை எட்டாது. வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாகச் சிதறும். அந்தத் துகள்கள், காற்றுக்குள் ஒளி போகும் வேகத்தையும் மிஞ்சி ஓடுவதால் நீல நிறச் செரென்கோவ் ஒளி சில நானோ செக்கன் மின்னும். தொலைநோக்கி படம் பிடிப்பது அதைத்தான். லடாக்கின் ஹான்லேயில் 21 மீற்றர் ஆடியோடு நிற்கும் மேஸ், நமீபியாவின் ஹெஸ் எல்லாம் இந்த வகை.

எங்களுக்கு ஆடி வேண்டாம், மடிக்கணினி போதும். பைதன் என்ற கணினி மொழியை ஏற்றி, காமாக் கதிர்த் தரவை ஆராயும் இலவசமான கேமாபை மென்பொருளையும் அதன் பயிற்சித் தரவையும் இறக்குங்கள். ஹெஸ் 2018இல் பொதுவில் விட்ட தரவு அதற்குள் இருக்கும். நண்டு நெபுலாவின் நான்கு பதிவுகளை எடுங்கள். ஒவ்வொன்றும் அரை மணி நேரம் போல. சிக்னல் நல்ல இடத்தில் ஒருமுறை இறக்கி, பென்டிரைவில் எல்லாருக்கும் கொடுங்கள்.

இனித்தான் கவனம் வேண்டும். காமாவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகமாகக் விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்ப் புரோத்தன்கள் வந்து இதே மாதிரி மின்னும். காமாவின் படம் மெலிந்த நீள்வட்டம், புரோத்தனுடையது கலைந்த திட்டு. பிரிக்கிற வேலையை ஹெஸ் முன்பே செய்து தந்திருக்கிறது. ஆனாலும் சுளகில் எவ்வளவு புடைத்தாலும் கொஞ்சம் பதர் நிற்கும். அதை அளக்க, நெபுலாவைச் சுற்றி 0.11 பாகை ஆரையில் ஒரு வட்டமும், வெறும் வானத்தில் அதே அளவில் பல வட்டங்களும் போடுங்கள்.

போன வருடம் பிள்ளைகள் வெறும் வட்டங்களைக் கமெராவின் ஓரத்தில் போட்டுவிட்டார்கள். ஓரத்தில் கமெராவின் உணர்திறன் குறைவு. பதர் குறைவாக எண்ணப்பட்டு, காமா மிகையாக வந்தது. எல்லா வட்டமும் பார்வை மையத்திலிருந்து, அதாவது தொலைநோக்கி நேரே நோக்கும் புள்ளியிலிருந்து, ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். தொலைநோக்கியை நெபுலாவுக்கு நேரே பிடிக்காமல் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பதே இதற்காகத்தான்.

வெறும் வட்டம் பத்து என்றால், அவற்றின் மொத்தத்தைப் பத்தால் வகுத்து, நெபுலா வட்டத்தின் எண்ணிக்கையிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் காமா. மென்பொருளே இதைச் செய்யும், சரி. முதல் பதிவை மட்டும் தாளில் செய்து பார்த்துவிட்டு மற்ற மூன்றையும் அதனிடம் விடுங்கள்.